ஜூடித்தின் இடது கால்

தவக்காலத்தின் கடைசி அன்பியக் கூட்டத்தன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: மரியராஜ் ஆகிய நான், என் மனைவி ஜூடித், என் தங்கை ஈவ்லின், அன்பியத் தலைவி கேரல், அவள் கணவன் கிரிஸ், வாசலை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் மாடி வீட்டு மாதம்மா. மற்ற குடும்பங்கள் வரவில்லை. பரீட்சை, காய்ச்சல், பெங்களூர்ப் பயணம் என்று காரணம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாதம்மா கிறிஸ்தவர் அல்லர். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மகன் இங்கே மண்டி மொஹல்லாவில் விதைக்கடை வைத்ததால் எங்கள் மாடிக்குக் குடிவந்தவர். சுண்டலுக்காகத்தான் வருகிறேன் என்று அவரே சொல்வார். ஆனால் கூட்டம் முடியும் வரை எழுந்து போகமாட்டார்.

அன்பியம் என்றால், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்துப் பேசுவது. எங்கள் அன்பியத்தில் விளக்கம் சொல்கிறவன் நான். யாரும் என்னை நியமிக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவன், தமிழை வாய்விட்டுப் பிழையில்லாமல் வாசிக்கிறவன் என்பதால் அப்படி அமைந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கன்னடம்தான் ஓடுகிறது.

அன்று வாசித்தது, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய பகுதி. பேதுரு மட்டும் மறுக்கிறார்; என் காலை நீர் ஒருபோதும் தொடக்கூடாது என்கிறார். பேதுருவின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னேன். குருவே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தரையில் உட்காரும்போது, காலை நீட்டிக்கொண்டு சும்மா இருப்பவன் என்ன சீடன்? அந்த மறுப்பில் மரியாதை இருக்கிறது என்றேன்.

"அது மரியாதை இல்ல அங்கிள், வெக்கம்," என்றாள் கேரல். அவள் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள். "நாள் பூரா மண்ணுல நடந்த கால். யார்கிட்டயாவது காட்டுவோமா?"

"அதுவும் மீன்காரன் கால்," என்றான் கிரிஸ். "வாசனை எட்டு வீட்டுக்கு அடிச்சிருக்கும்."

"வேதத்துல கேலி பண்ணாதே," என்று அதட்டிய ஈவ்லினும் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்கய்யா, கடைசீல கழுவுனாருங்களா, இல்லீங்களா?" என்று ஸ்டூலிலிருந்து கேட்டார் மாதம்மா.

"கழுவினார்."

"அப்பறம் எதுக்குங்க இத்தன பேச்சு?"

அதோடு விளக்கம் முடிந்தது. கிரிஸ் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். பிறகு நாற்காலிப் பேச்சு வந்தது.

எங்கள் பங்குக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மாலைப் பூசையில் பீடத்துக்கு முன் பன்னிரண்டு நாற்காலிகள் போடுவார்கள். அன்பியத்துக்கு ஒரு நாற்காலி. தவக்காலத்தின் கடைசிக் கூட்டம் எந்த வீட்டில் விழுகிறதோ அந்த வீட்டார் ஒருவர் அதில் உட்கார வேண்டும். சாமியார் வரிசையாக வந்து வலது காலில் செம்புத் தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைப்பார். வலது கால் மட்டுமே, அதுதான் பழக்கம். அந்தக் காலை மட்டும் அன்று மத்தியானமே கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டுத் தயார்செய்துகொண்டு வருவார்கள். அழுக்குக் காலோடு அந்த நாற்காலியில் ஒருவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் அப்பா உட்கார்ந்திருக்கிறார். நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. முன்பு அனுமதி இல்லை. அனுமதி வந்த பிறகும் எங்கள் வீட்டுக்கு அந்த வழக்கம் வரவில்லை.

"அண்ணாவுக்குப் புது வேட்டி எடுத்து வெச்சுட்டேன்," என்றாள் ஈவ்லின்.

"இந்தத் தடவ நான் உக்காரறேன்," என்றாள் ஜூடித்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தால் காபி கொடுப்பதும் பாட்டுக்குச் சுருதி சேர்ப்பதும்தான் அவள் பங்கு. மழைக்காலத்திலிருந்து அதுவும் இல்லை. முழங்கால் வரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மூலை நாற்காலியில் இருப்பாள்.

"உனக்கு மூட்டு வலி," என்றேன்.

"ஆன்ட்டி உக்காரத்தானே போறாங்க? மாரத்தானா ஓடறாங்க?" என்றாள் கேரல். "நல்லதாப் போச்சு ஆன்ட்டி. நீங்க கோவிலுக்கு வந்து எவ்ளோ நாளாச்சு!"

"அங்கிளுக்கு பவுடர் செலவு மிச்சம்," என்றான் கிரிஸ்.

"நம்ம வீட்டுல ஆம்பளைங்கதான் உக்காருவாங்க, அண்ணி," என்று ஈவ்லின் மெதுவாகச் சொன்னாள். ஜூடித் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசலாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தேன்.

படியேறும்போது மாதம்மா நின்றார். "அய்யா, அம்மாளுக்குக் கால்ல என்னுங்க? மருந்து வாசம் மாடி வரைக்கும் வருதுங்க."

"மூட்டுத் தைலம்," என்றேன்.

அது தைலம் அல்ல. ஜூடித்துக்கு நெடுநாள் சர்க்கரை. மழைக்காலத்தில் இடது காலின் சுண்டு விரலில் செருப்பு கடித்தது. அவளுக்கு அங்கே உணர்ச்சி இல்லாததால் தெரியவில்லை. தெரிந்தபோது விரல் கறுத்திருந்தது. அந்த விரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். துபாயில் இருக்கும் மகனுக்குச் சொன்னேன், வெளியே பேசக்கூடாது என்றும் சொன்னேன். வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஈவ்லினிடமும் மூட்டு வலி என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பரிதாபப்பட்டுவிட்டுப் போனதில்லை. விரல் போன கால் என்றால் இந்தச் சந்துகளில் முதலில் பெரிய வியாதி, தொழுநோய் என்பார்கள், பிறகுதான் சர்க்கரை என்பார்கள். என் மனைவியைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வர நான் விடுவதாக இல்லை. கேரல் நர்ஸ் ஆயிற்றே என்று கேட்கலாம். அவள் நல்ல பெண்தான். ஆனால் வாரா வாரம் நான் சொல்லும் விளக்கத்தைக் கேட்க வருகிறவள் என் வீட்டுப் புண்ணைக் கழுவ வருவது முறையாகாது.

அதனால் கட்டு மாற்றுகிறவன் நான். காலையும் மாலையும். என் முதுகு குனியாது. கோவிலில்கூட முழங்கால் போடும் நேரத்தில் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். ஆகவே அவள் கட்டிலில் சாய்ந்து காலைச் சின்ன மேஜையின் மேல் வைத்துக்கொள்வாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். பழைய துணியைச் சலைன் விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புதுத் தோலும் கூடவே வந்துவிடும். பிறகு துடைத்து, மருந்து வைத்து, துணி சுற்றி, பழையதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, யாரும் பார்க்காதபோது குப்பை வண்டியில் போட வேண்டும். சமையலும் நான்தான். வேலைக்காரி வைத்தால் பேச்சு வெளியே போகும்.

தம் பின்னால் வருகிறவன் சிலுவையைத் தூக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன இடத்தில் நாள்தோறும் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு நான் எத்தனையோ முறை விளக்கம் சொல்லியிருக்கிறேன். சிலுவையைப் பற்றித்தான் பேசுவேன். அந்த ஒரு சொல்லை வாசித்துக் கடந்துவிடுவேன். ஒரு நாள் என்றால் யாரும் தூக்கிவிடலாம். ஆறு மாதமாகக் காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சலைன் பாட்டில். ஜெபம் அதற்குப் பிறகுதான்.

அன்று மாலை கட்டு அவிழ்க்கும்போது ஜூடித் மறுபடி எடுத்தாள்.

"நான் போறேன். முடிவு பண்ணிட்டேன்."

"பார்ப்பார்கள்."

"வலது கால்தானே? அது முழுசா இருக்கு. இதுக்கு சாக்ஸ் போட்டு, பொடவைய எறக்கிக் கட்டிக்கறேன்."

"ஏன் இந்தப் பிடிவாதம்?"

துணி ஊறுவதற்காக நான் காத்திருந்தேன்.

"இந்த ரூம், இந்த மேஜ, உங்க மொகம். மழையிலேர்ந்து வேற ஒண்ணும் பாக்கல. நீங்க நல்லாத்தான் பண்றீங்க, நான் கொற சொல்லல. ஆனா வந்தவங்க கேக்கும்போதெல்லாம் போர்வைய இழுத்து மூட வேண்டியிருக்கு. திருடி மாதிரி இருக்குங்க. ஒரு நாள், கோவில்ல, எல்லார் மாதிரியும் போய் உக்காந்துட்டு வரேனே."

"உன் நன்மைக்குத்தான்."

"நீங்க அந்த நல்ல சமாரியன் கதைய எத்தன வருஷமா சொல்றீங்க? குதிரையில ஏத்தினான், எண்ணெ போட்டான், சத்திரத்துல சேத்தான்னு அவனப் பத்தியே சொல்வீங்க. ரோட்டுல விழுந்து கெடந்தவன் அந்தக் கதையில ஒரு வார்த்த பேசறானா? அவனுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா?"

"குதிரை இல்லை, கழுதை," என்றேன்.

"ஏதோ ஒண்ணு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துணி பிரிந்து வந்தது. புண்ணின் ஓரம் சிவந்திருந்தது, நல்ல சிவப்பு. டாக்டர் சொன்னபடி ஆறிக்கொண்டுதான் இருந்தது, அவருடைய வேகத்தில் அல்ல, அதன் வேகத்தில். எனக்கு வாதாடத் தெம்பில்லை. சம்மதித்தேன். நிபந்தனைகள் வைத்தேன்: இடது கால் சாக்ஸோடு புடவைக்குள் இருக்க வேண்டும், ஆட்டோ கோவில் படி வரை போக வேண்டும், பூசை முடிந்ததும் பேச்சுக்கு நிற்காமல் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சின்னப் பிள்ளைபோல அவள் தலையாட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய வியாழனன்று மத்தியானம் அவள் வலது காலை நான்தான் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டேன். மாலையில் நீலப் பட்டு கட்டிக்கொண்டாள். சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கும், வாரை இழுத்து ஒட்டுகிற கறுப்புச் செருப்பை மாட்டிவிட்டேன். கோவிலில் அவளுக்கு ஏழாவது நாற்காலி. வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். எங்கும் திரும்பாமல் பீடத்தையே பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். எங்கள் குடும்ப கௌரவத்துக்குக் குறைவில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள். நான் மூன்றாவது பெஞ்சில் ஈவ்லினுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

சாமியார் புதியவர், இளைஞர். வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு முதல் நாற்காலிக்கு வந்தார். பூசைக்கு உதவும் உபதேசியார் செம்பைப் பிடித்திருந்தார். முதல் நாற்காலியில் இருந்தவர் பவுடர் போட்ட வலது காலை நீட்டினார். சாமியார் கழுவினார், துடைத்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்தபடி, "அதையும் குடுங்க," என்றார்.

நாற்காலியில் இருந்தவருக்குப் புரியவில்லை. சாமியார் இடது காலைத் தொட்டுக் காட்டினார். அந்த மனிதர் தயங்கித் தயங்கி நீட்டினார். குதிகால் வெடிப்பும், வெடிப்பில் மண்ணும். அந்தக் காலை அவர் தேய்த்திருக்கவில்லை. எதற்குத் தேய்க்க வேண்டும்? முன்வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. சாமியாரும் சிரித்தார். இரண்டு கால்களையும் கழுவிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். அங்கேயும் இரண்டு கால்கள்.

ஜூடித் பீடத்தைப் பார்ப்பதை விட்டுச் செம்பைப் பார்த்தாள்.

மூன்றாவது நாற்காலி முடிந்தபோது நான் எழுந்துவிட்டேன்.

"எங்கண்ணா போற?" என்று ஈவ்லின் என் சட்டையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு நடுவழியில் நடந்தேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது, ஆனாலும் எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. தலை சுற்றுகிறது என்று சொல்லி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். சர்க்கரை குறைந்துவிட்டது என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சொல்ல வேண்டியதை நடந்துகொண்டே தயார்செய்தேன்.

அவள் முன்னால் போய் நின்றேன். "எழுந்திரு. போகலாம்."

"எங்க?"

"வீட்டுக்கு."

"அங்கிருந்துதானே வந்தேன்," என்றாள்.

சாமியார் ஐந்தாவது நாற்காலிக்கு வந்திருந்தார். நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

"இந்தச் செருப்பு வார அவுத்து விடுங்க. என்னால குனிய முடியல. அவர் வந்துட்டார்."

அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். குரலை உயர்த்தவும் இல்லை. வீட்டில் கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள் என்று சொல்வாளே, அதே குரல். இங்கே மேஜை இல்லை. கால் தரையில் இருந்தது. நான் நின்றேன். பாட்டு அடுத்த சரணத்துக்குப் போனது. அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானாகப் போய்விட்டாலும் அவள் அந்த நாற்காலியில்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது அந்த வாரை யார் அவிழ்ப்பது? உபதேசியாரா?

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலைப் போட்டேன். பிறகு மற்றதையும். முதுகில் கத்தி இறங்கியதுபோல இருந்தது. வாரைப் பிரித்துச் செருப்பைக் கழற்றினேன். சாக்ஸை விரல் பக்கத்திலிருந்து இழுக்காமல், கட்டு நகராதபடி மேலிருந்து சுருட்டி எடுத்தேன். மருந்து வாசம் எழுந்தது. கட்டு போட்ட கால் ஓரத்தில் குறைந்து, சரிந்து தெரிந்தது. முன்பெஞ்சில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. நான் திரும்பவில்லை.

சாமியார் வந்து எனக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். வலது காலைக் கழுவித் துடைத்தார். இடது காலைப் பார்த்தார்.

"தண்ணீர் படக்கூடாது, ஃபாதர்," என்றேன்.

"யார் கட்டறாங்க?"

"நான்தான்."

"தினமுமா?"

"ரெண்டு வேளை."

அவர் செம்பை உபதேசியாரிடம் திருப்பிக் கொடுத்தார். "அப்ப இது கழுவின கால்தான்," என்றார். கட்டுப் போட்ட காலை இரண்டு கைகளாலும் ஏந்திச் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, துண்டை விரித்து அதன் மேல் இறக்கி வைத்தார். பிறகு எட்டாவது நாற்காலிக்குப் போனார்.

ஜூடித் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மெதுவா எழுந்திருங்க," என்றாள்.

மெதுவாகவும் முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. கேரலும் கிரிஸும் எப்போது வந்தார்கள் என்று தெரியாது. ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"அங்கிள், இங்கயே குடிவந்துட்டீங்களா?" என்று காதருகில் கேட்டான் கிரிஸ். கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.

ஈவ்லின் அன்று ஆட்டோவில் எங்களோடு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும், "வெளியாளுங்க மாதிரி என்னையும் மூட்டு வலின்னு ஏமாத்திட்டியேண்ணா," என்றாள். அவள் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் கேரல் கையுறைப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். "சும்னே நகருங்க அங்கிள்," என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு என்னைக் கடந்து உள்ளே போனாள். கட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"டாக்டர் ஒரு தடவை செய்து காட்டினார்."

"சுத்தமா வெச்சிருக்கீங்க. ஆனா இறுக்கிக் கட்டறீங்க. ரத்தம் ஓட வேண்டாமா? இனிமே சாயங்காலம் நான் வரேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜூடித் என்னைப் பார்த்தாள். "சாயங்காலம் மட்டும்," என்றேன். முன்னறைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தேன். கோவிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குக் கிளம்ப நேரமிருந்தது. உள்ளே இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். எழுந்தபோது சிலுவைப்பாதை முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், ஆப்பிள் கொண்டுவந்தார்கள். அய்யோ ஆன்ட்டி என்றார்கள். தங்கள் வீட்டுச் சர்க்கரைக் கதைகளைச் சொன்னார்கள். ஜூடித் போர்வை இல்லாமல் உட்கார்ந்து எல்லோருக்கும் காலைக் காட்டினாள். எனக்கு அது பழகவில்லை. அவர்கள் போகும் வரை சமையலறையில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரம் மாதம்மா படியிறங்கி வந்தார்.

"ஏனுங்கய்யா, எங்கண்ணன் ஹனூர்ல இருந்து போன் போட்டுக் கேக்கறாருங்க. நீங்க கோயில்ல அத்தன சனத்துக்கு முன்னாடி அம்மா கால்ல வுழுந்து, அழுது, மன்னிப்புக் கேட்டீங்களாமா? இங்க கடைவீதியிலயும் அப்பிடித்தான் பேசிக்கறாங்க."

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் யார் காலிலும் விழவில்லை. அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. செருப்பின் வாரை அவிழ்க்க முழங்கால் போட்டேன். எழ முடியாததால் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.